71-க்கு ஏறிய எண், 40 கிலோவுக்கு இறங்கிய ஆச்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆச்சியை மகனும் மருமகளும் ஆளுக்கொரு கை பிடித்துக் கூட்டிவந்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்ததும் மகன் ஃபைலைத் திறந்து இரண்டு ரிப்போர்ட்டுகளை என் முன்னால் வைத்தார். "கிட்னி நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்கு சார். நாலு மாசத்துக்கு முன்னால 54 இருந்தது, இப்ப 71. ஆனா அம்மா மட்டும் ஏன் இப்படித் தளந்துபோறாங்கன்னுதான் தெரியல."

நோயும் நோயின் காரணமும் அவர் சொன்னதிலேயே இருந்தன. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. குடும்பத்துக்குப் புரியவைக்க ஐந்து மாதம் ஆயிற்று. குடும்பத்தாரின் ஒப்புதலோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நோயாளிக்கு வயது 88. உயரம் 148 செ.மீ. தாமிரபரணிக் கரையோரக் கிராமம். நீரிழிவு இல்லை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டதில்லை. இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்திருக்கிறார். முழங்கால் வலி எப்போதாவது வரும். நான்கு மாதத்துக்கு முன்புவரை வாசல் தெளித்துக் கோலம் போட்டவர், தன் துணியைத் தானே துவைத்துக் காயப்போட்டவர். மிக முதிய வயதில் "ஆரோக்கியம்" என்று மருத்துவர்கள் எதைச் சொல்கிறார்களோ, அதற்கு இவரையே உதாரணம் காட்டலாம்.

நான்கு மாதத்தில் நடந்தது

பேரப்பிள்ளைகள் ஆச்சிக்கு முழு உடல் பரிசோதனை ஏற்பாடு செய்தார்கள். ஆள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார். பன்னிரண்டு பக்க ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு எழுத்தில் வந்திருந்தது. தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் 1.0 மி.கி. என்பது இயல்பு எல்லைக்குள்தான் இருந்தது. அதைக் கணக்கில் போட்டு வந்த ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, 54. பக்கத்தில், "நாள்பட்ட சிறுநீரக நோய், நிலை 3ஏ". அன்று ஆச்சியின் எடை 45 கிலோ.

அந்த ரிப்போர்ட்டை ஓரிடத்தில் காட்டியிருக்கிறார்கள். "கிட்னி 54 சதவீதம்தான் வேலை செய்கிறது" என்று சொல்லி ஓர் உணவுத்தாள் கொடுத்தார்கள். பருப்பு, உளுந்து, முட்டை, மீன், பால் கூடாது. இளநீரும் வாழைப்பழமும் கூடாது. உப்பு அறவே வேண்டாம். கிட்னியைக் கழுவ தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

மருமகள் அந்தத் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டி, ஒரு வரி பிசகாமல் செய்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆச்சிக்கும் இல்லை. "மருமவ மேல குத்தம் இல்ல ஐயா. தாள்ல போட்டிருந்ததத்தான் செஞ்சா. உப்பில்லாத கஞ்சி எத்தன நாளைக்கித்தான் எறங்கும்? ரெண்டு வாய்க்கு மேல போவ மாட்டுக்கு."

மூன்றாம் மாதம் ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது தலை சுற்றி விழுந்தார். அடுத்த வாரம் இன்னொரு தடவை. எலும்பு முறியவில்லை, ஆனால் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரை நாலைந்து உள்ளே போயிருந்தது.

என்னிடம் வந்த அன்று எடை 40.5 கிலோ. பத்தில் ஒரு பங்கு உடம்பு போய்விட்டது. கெண்டைக்கால் சுற்றளவு 27 செ.மீ. இருந்தது, 31-க்குக் கீழே வந்தாலே தசை குறைந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கைப்பிடி வலு 10 கிலோ. பெண்களுக்கு 16-க்குக் கீழே என்றால் பலவீனம். படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 126/72, எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து 96/58. அப்போது மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னேன். இரண்டு தடவை முயன்றார், முடியவில்லை.

அன்றைய ரத்தத்தில் சோடியம் 127 என்று தாழ்ந்திருந்தது. பொட்டாசியம் 4.4, யூரியா 24, கிரியேட்டினின் 0.8. தைராய்டும் கார்டிசால் ஹார்மோனும் சரியாக இருந்தன. கால் வீக்கம் இல்லை. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 12, அதாவது 30 என்ற எல்லைக்கு நன்றாகக் கீழே. ரத்த அணுவும் இல்லை. ஸ்கேனில் வலது சிறுநீரகம் 8.4, இடது 8.6 செ.மீ. வெளிப்பகுதியான புறணி சற்று மெலிந்திருந்தது, இடப்பக்கம் ஒரு சாதாரண நீர்க்கட்டி. இந்த வயதில், இந்த உயரமுள்ள பெண்ணிடம் இதைத்தான் எதிர்பார்ப்போம்.

கிரியேட்டினின் எங்கிருந்து வருகிறது

தசையில் இருக்கும் கிரியேட்டின் என்ற பொருளில் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு சதவீதம் தானாகவே கிரியேட்டினினாக மாறி ரத்தத்துக்கு வருகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. ஆகவே ரத்தத்தில் தெரியும் அளவு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: தசை எவ்வளவு ஊற்றுகிறது, சிறுநீரகம் எவ்வளவு இறைக்கிறது. தொட்டியில் நீர்மட்டம் இறங்கினால் இறைப்பு கூடியிருக்கலாம், ஊற்று வற்றியும் இருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

ஈஜிஎஃப்ஆர் சூத்திரம் வயதையும் பாலினத்தையும் வைத்து அந்த வயதுக்காரரின் தசையைச் சராசரியாக ஊகித்துக்கொள்கிறது. எதிரில் இருப்பவரை அது பார்ப்பதில்லை. ஆச்சிக்கு நாலரை கிலோ போனது அதற்குத் தெரியாது. கிரியேட்டினின் 1.0-லிருந்து 0.8-க்கு இறங்கியதும் "வடிகட்டும் வேகம் கூடிவிட்டது" என்று கணக்குப் போட்டு 71 என்று அச்சடித்தது. வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். உணவுத்தாள் வேலை செய்கிறது என்று நம்பி இன்னும் கறாராகப் பிடித்தார்கள். எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது இந்த இடம்தான். பட்டினி போடப் போட எண் ஏறும், எண் ஏற ஏற பட்டினி கூடும்.

சந்தேகத்தைத் தீர்க்க சிஸ்டாட்டின் சி பார்த்தோம். கருவுள்ள எல்லாச் செல்களும் சுரக்கும் சிறு புரதம் இது. தசையின் அளவை அதிகம் சார்ந்திருப்பதில்லை. தைராய்டுக் கோளாறு, ஸ்டீராய்டு, உடலில் அழற்சி இருந்தால் இதுவும் ஏமாற்றும். ஆச்சிக்கு அவை எதுவும் இல்லை. அளவு 1.3 வந்தது. அதிலிருந்து கணக்கிட்ட வடிகட்டும் வேகம் 46.

ஒரே நாள், ஒரே ரத்தம். ஒரு கணக்கு 71 என்கிறது, இன்னொன்று 46 என்கிறது. இடையில் இருக்கும் 25, காணாமல்போன தசையின் கணக்கு.

46 என்றால் நோயில்லையா?

மகனின் அடுத்த கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், ஏனென்றால் இதற்கு எழுபது வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

1950-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் டேவிஸ், நேத்தன் ஷாக் என்ற இருவர் 20-களிலிருந்து 80-கள் வரையிலான ஆண்களின் வடிகட்டும் வேகத்தை நேரடியாக அளந்தார்கள். அதற்கு இனுலின் என்ற மாவுப்பொருளைப் பயன்படுத்தினார்கள். நம் காப்பியில் கலக்கிற சிக்கரியின் வேரில் நிறைய இருப்பது அதுதான். ரத்தத்தில் செலுத்தினால் சிறுநீரகம் அதை வடிகட்டுமே தவிர, திரும்ப உறிஞ்சாது, கூடுதலாகச் சுரக்கவும் செய்யாது. அதனால் அளவு துல்லியமாகக் கிடைக்கும். 20-களில் இருந்தவர்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 123 மி.லி., 80-களில் இருந்தவர்களுக்குச் சுமார் 65. ஏறக்குறைய பாதி.

ஆனால் அது வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே நேரத்தில் ஒப்பிட்ட ஆய்வு. ஒரே ஆளைப் பல வருடம் தொடர்ந்தால் என்ன தெரியும்? 1958-இல் அதே ஊரில் தொடங்கிய பால்டிமோர் முதுமை நெடுந்தொடர் ஆய்வு அதற்கு வழிவைத்தது. லிண்டெமனும் ஷாக்கும் மற்றவர்களும் 1985-இல் வெளியிட்ட முடிவுகளில், ஆரோக்கியமான 254 ஆண்களுக்கு, கிரியேட்டினினை வைத்து அளந்த வடிகட்டும் வேகம் (நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்ற கணக்கில்) சராசரியாக வருடத்துக்கு 0.75 மி.லி. குறைந்திருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குக் குறையவே இல்லை என்பதுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி. முதுமை எல்லோருடைய சிறுநீரகத்தையும் ஒரே வேகத்தில் தேய்ப்பதில்லை. ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிடித்துக்கொண்டு, குறைந்தவர்களெல்லாம் நோயாளிகள் என்று முடிவு கட்டுவதும் தவறு. அந்த 254 பேரும் நோயற்றவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சமீபத்தில் தெளிவாகக் காட்டியது, உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் தானம் செய்தவர்களை வைத்து மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆண்ட்ரூ ரூல் குழுவினர் செய்த பணி. தானம் கொடுப்பவரைச் சல்லடை போட்டுச் சலித்துத்தான் எடுப்பார்கள். ஆகவே இவர்களைவிட ஆரோக்கியமான குழு கிடைப்பது அரிது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுக்கு நெஃப்ரான் என்று பெயர், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வடிமுடிச்சு இருக்கும். 18–29 வயதில் ஒரு சிறுநீரகத்தில் தழும்பேறாத வடிமுடிச்சுகள் சராசரியாக 9,90,000 இருந்தன. 70–75 வயதில் 5,20,000. எந்த நோயும் இல்லாமலே கிட்டத்தட்ட பாதி நெஃப்ரான்கள் ஓசையில்லாமல் போய்விடுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும் தழும்பு மாற்றங்கள் இளம் தானதாரர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம்கூட இல்லை, 70-ஐத் தாண்டியவர்களில் 73 சதவீதம் பேரிடம் இருந்தன.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு எண். மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு நெஃப்ரானும் எவ்வளவு வடிகட்டுகிறது என்று 2017-இல் கணக்கிட்டார்கள். சராசரியாக நிமிடத்துக்கு 80 நானோலிட்டர். 70 வயதுக்கு உட்பட்டவர்களில் வயது கூடினாலும் இந்த அளவு மாறவில்லை. நீரிழிவிலோ உடல்பருமனிலோ நடப்பது வேறு. அங்கே மிஞ்சிய நெஃப்ரான்கள் இல்லாதவர்களின் சுமையையும் சேர்த்துத் தூக்கி, வீங்கி, புரதத்தைக் கசியவிட்டு, தாங்களும் செத்துப்போகின்றன. ஆரோக்கிய முதுமையில் ஆட்கள் குறைகிறார்கள், மிஞ்சியவர்கள் தங்கள் பங்கை மட்டும் நிதானமாகச் செய்கிறார்கள். ஆச்சியின் சிறுநீரில் அல்புமின் கசியாததற்குப் பொருள் இதுதான்.

அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் கார்லோஸ் முஸ்ஸோவும் ஸ்பெயினின் சலமன்காவில் மசியாஸ்-நூன்யெஸும் என இரண்டு சிறுநீரகவியலாளர்கள் வலியுறுத்திவந்த கருத்தும் இங்கே பொருந்துகிறது. நோயால் வடிகட்டும் வேகம் இந்த அளவுக்குக் குறைந்தவரிடம் ரத்தசோகை, பாராதைராய்டு ஹார்மோன் ஏற்றம், பாஸ்பேட் கோளாறு ஆகியவை மெல்லத் தலைகாட்டும். மூப்பால் குறைந்தவரிடம் அவை இயல்பாகவே இருக்கும். ஸ்பெயினில் உருவான ஹூஜ் என்ற கணக்கு ரத்தத்தின் சிவப்பணு விகிதம், யூரியா, பாலினம் மூன்றை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கப் பார்க்கிறது. உடம்பு தேறிய பிறகு ஆச்சிக்குப் போட்டுப் பார்த்தேன். சிவப்பணு விகிதம் 36.5, யூரியா 28. விடை நோய் இல்லாத பக்கம்தான் விழுந்தது. ஹார்மோனும் பாஸ்பேட்டும் இயல்பு.

அப்படியானால் "நாள்பட்ட சிறுநீரக நோய்" என்ற முத்திரை எங்கிருந்து வந்தது? 2002-இல் அமெரிக்க தேசியச் சிறுநீரக அறக்கட்டளை வகுத்த வரையறையிலிருந்து. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட நோய். 25 வயதுக்கும் 88 வயதுக்கும் அதே கோடு. டெலனே, கிளாஸாக் போன்ற சிறுநீரகவியலாளர்கள் 65 வயதுக்கு மேல் 45 என்பதைக் கோடாக வைக்கலாம் என்று வாதிடுகிறார்கள். 2021-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத் தரவுகளும் அவர்கள் பக்கம் பேசின. 65-ஐத் தாண்டியவர்களில் 45-க்கும் 59-க்கும் இடையில் இருந்து, அல்புமின் கசிவும் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு, நோய் இல்லாத அவர்கள் வயதுக்காரர்களுக்கு இருக்கும் அளவுதான் இருந்தது. எதிர்த்தரப்பும் வெறுங்கையோடு வரவில்லை. வயதானவர்களிலும் குறைந்த எண் கூடுதல் ஆபத்தோடு சேர்ந்தே வருகிறது, கோட்டைத் தளர்த்தினால் உண்மையான நோயாளிகளைத் தவறவிடுவோம் என்கிறார்கள். 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் கோட்டை மாற்றவில்லை.

என் நிலைப்பாடு: கோடு எங்கே இருந்தாலும் சரி, ஒற்றை எண்ணை வைத்து 88 வயதுக்காரரின் தட்டிலிருந்து பருப்பை எடுக்கக் கூடாது. அதே வழிகாட்டுதல், தளர்ச்சியும் தசைத்தேய்வும் உள்ள முதியவர்களுக்குப் புரதத்தையும் கலோரியையும் கூட்டுவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. அந்த வரி உணவுத்தாளை எழுதியவர் கண்ணில் பட்டிருந்தால் ஆச்சி விழுந்திருக்க மாட்டார்.

"54 சதவீதம்" என்ற பேச்சையும் விட்டாக வேண்டும். அது சதவீதமே அல்ல. 1.73 சதுர மீட்டர் பரப்புள்ள உடம்புக்கு நிமிடத்துக்கு எத்தனை மி.லி. என்ற கணக்கு. அதே 1.0 கிரியேட்டினினை 28 வயதுப் பெண்ணுக்குப் போட்டால் சூத்திரம் 79 தரும். ரத்தம் ஒன்றுதான், மாறியது பிறந்த வருடம் மட்டும்.

உப்பும் தண்ணீரும்

தளர்ச்சிக்குக் காரணம் தசை. விழுந்ததற்குக் காரணம் வேறு. முதிய சிறுநீரகம் வடிகட்டுவதில் மட்டும் மாறுவதில்லை. உப்பையும் நீரையும் சமாளிக்கும் லாவகமும் குறைகிறது. என் அனுபவத்தில் நாள்தோறும் சிக்கல் கொண்டுவருவது இந்தப் பாதிதான்.

உப்பைத் திடீரென்று நிறுத்தினால் சிறுநீரகம் உஷாராகி, சிறுநீரில் போகும் சோடியத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். எப்ஸ்டீன், ஹாலன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 1976-இல் அளந்தபோது, அந்தக் கசிவு பாதியாகக் குறைய 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. 60-ஐத் தாண்டியவர்களுக்கு 31 மணி நேரம். உப்பைப் பிடித்துவைக்க உதவும் ரெனின், ஆல்டோஸ்டீரோன் சுரப்பு வயதோடு குறைவது இதற்கு முக்கியமான காரணம். அந்த இடைவெளியில் போகும் உப்பு போனதுதான். ரத்தக் குழாய்களுக்குள் நீர் வற்றுகிறது, எழுந்து நின்றால் அழுத்தம் சரிகிறது.

தண்ணீர் கதை இன்னும் நுட்பமானது. மேலதிகத் தண்ணீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் கரைபொருள் வேண்டும். உப்பும், புரதம் எரிந்து வரும் யூரியாவும்தான் அந்தக் கரைபொருள். வெறும் தண்ணீரை வெறும் தண்ணீராக அது வெளியே விடாது. இளம் சிறுநீரகம் ஒரு லிட்டர் சிறுநீரை 50 அலகு கரைபொருளோடு அனுப்பிவிடும், முதியதற்கு 90-க்குப் பக்கத்தில் தேவை. சாதாரணச் சாப்பாட்டில் நாளைக்கு 600-க்கும் மேல் கரைபொருள் கிடைக்கும். உப்பும் பருப்பும் இல்லாத கஞ்சியில் ஆச்சிக்கு 200 அளவில்தான் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. 200-ஐ 90-ஆல் வகுத்தால் இரண்டே கால் லிட்டருக்குள் முடிந்தது. குடித்ததோ மூன்று லிட்டர். மிஞ்சியது ரத்தத்தில் தங்கிச் சோடியத்தை நீர்க்கச் செய்தது. 127.

உள்ளே போன இத்தனை தண்ணீரும் ராத்திரிதான் வெளியே வரும். சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைந்திருப்பதால் முதியவர்கள் இரவில் இரண்டு மூன்று முறை எழுவது சகஜம். இருட்டு, மெலிந்த கால், நின்றால் சரியும் அழுத்தம், நீர்த்த சோடியம். விழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

செய்தது

மூன்று நாள் வார்டில் வைத்திருந்தோம். மூன்று லிட்டர் கட்டாயத்தை நிறுத்தி, தாகத்துக்குக் குடிக்கச் சொன்னோம். அது ஒன்றேகால் லிட்டர் அளவில் தானாக நின்றது. கஞ்சியில் உப்பு போட்டோம். சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கேடு, ஒரு நாளைக்கு 8 அலகுக்கு மேல் ஏறக் கூடாது. மறுநாள் 130, அடுத்து 133, வீட்டுக்குப் போகும்போது 135.

வலி மாத்திரையை நிறுத்தினோம். ரத்த ஓட்டம் குறையும்போது சிறுநீரகம் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து தன் குழாயை விரித்துக் காத்துக்கொள்கிறது. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் முடக்குவது அந்தக் கடைசித் தற்காப்பைத்தான். இளம் வயதில் கையிருப்பு நிறைய இருக்கும், இரண்டு நாளில் சமாளித்துவிடும். ஆரோக்கியமான முதிய சிறுநீரகமும் அமைதியான நாளில் குறையில்லாமல் ஓடும். ஆனால் அதனிடம் கையிருப்பு சொற்பம். ஒரு வயிற்றுப்போக்கும் நாலு வலி மாத்திரையும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் படுத்துவிடும். "மூப்பு நோயல்ல" என்று நான் சொல்வதைக் கேட்டு, "அப்ப ஒண்ணும் இல்ல" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

உணவுக்கு வருவோம். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று கணக்கிட்டால் நாளைக்கு 49 கிராம். மருமகளிடம் கிராம் கணக்குப் பேசவில்லை. காலையில் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும், மதியம் கட்டியாகப் பருப்பு, வாரம் மூன்று நாள் மீன், சாயந்திரம் உளுந்தங்களி. களி என்றதும் ஆச்சி முகம் மாறியது. "நல்லெண்ண ஊத்தலாமா ஐயா?" தாராளமாக. "கருப்பட்டி?" சர்க்கரை நோய் இல்லாதவருக்கு என்ன தடை? மருமகள் அந்தத் தாளைக் கிழிக்கத் தயங்கினார். "ஒருவேளை கிட்னிக்கு எதுவும் ஆயிட்டுதுன்னா?" என்று கேட்டபோது குரல் உடைந்தது. நாலு மாதம் கண்ணும் கருத்துமாகச் செய்த ஒருவரிடம், செய்தது தவறு என்று எப்படிச் சொல்வது? "மாசம் ஒருக்கா நான் பாக்குறேன்மா. பொறுப்பு என்னது" என்று மட்டும் சொன்னேன். ஆச்சிக்கு நாற்காலிப் பயிற்சி: காலையும் மாலையும் பத்து முறை எழுந்து உட்கார வேண்டும், முதலில் கை ஊன்றி, பிறகு ஊன்றாமல்.

மருந்து அளவைப் பற்றி மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய நிலையில், 45 கிலோ, கிரியேட்டினின் 1.0 இருந்தபோது, வழக்கமான சூத்திரம் ஆச்சிக்கு 54 தந்தது. 70-ஐத் தாண்டியவர்களை பெர்லினில் நேரடியாக அளந்து 2012-இல் உருவாக்கிய பிஸ்-1 சூத்திரம் 44 தந்தது. 249 பேரை வைத்து மான்ட்ரியாலில் 1976-இல் உருவான காக்ராஃப்ட்–கால்ட் 28 தந்தது. கடைசியது உடற்பரப்புக்குச் சரிசெய்யாதது, முதியவர்களைக் குறைத்தே காட்டும். ஆனால் பழைய மருந்துகள் பலவற்றின் அளவுகள் அதை வைத்தே வகுக்கப்பட்டவை. 45 கிலோ ஆளுக்கு 54-ஐ அப்படியே வைத்து, சிறுநீரகம் வழியாக வெளியேறும் பிரிகாபலின், டிகாக்ஸின் போன்றவற்றின் அளவைத் தீர்மானித்தால் கூடிப்போகும். நோய் முத்திரை குத்தும்போது தாராளம், மருந்து கொடுக்கும்போது சிக்கனம், இரண்டும் ஒரே ஆளிடம் வேண்டியிருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து

எடை 44 கிலோ. நின்றால் அழுத்தம் சரிவதில்லை. சோடியம் 138. கிரியேட்டினின் 1.0. ஈஜிஎஃப்ஆர் 54.

மகன் சென்னையிலிருந்து போன் செய்தார். "திரும்பவும் 54-க்கே வந்துட்டுதே சார்." குரலில் ஏமாற்றம். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அவரை உட்காரவைத்து மூன்று தாள்களை வரிசையாக வைத்தேன். 54, 71, 54. அதற்குக் கீழே எடையை எழுதினேன்: 45, 40.5, 44. பிறகு சிஸ்டாட்டின் கணக்கு: தளர்ந்திருந்தபோது 46, தேறிய பிறகு 48. இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர் சேர்த்துப் பார்த்ததில், உடற்பரப்புக்குச் சரிசெய்தால் 49. அவர் கணக்காளர். விரலை எடைமேல் வைத்து, மேலே பார்த்து, கீழே பார்த்து, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப கிட்னி அசையவே இல்ல" என்றார். ஆமாம், அசையவே இல்லை. அசைந்தது அம்மா மட்டும்தான்.

எதைக் கண்டால் நான் கவலைப்படுவேன் என்றும் கேட்டார். சிறுநீரில் அல்புமினோ ரத்தமோ வந்தால். வருடத்துக்கு 5-க்கு மேல் தொடர்ந்து இறங்கினால். பொட்டாசியம் ஏறினால், ஹீமோகுளோபின் காரணமில்லாமல் சரிந்தால், கால் வீங்கினால். ஆண்களாக இருந்தால் புராஸ்டேட் அடைப்பை முதலில் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் நிதானமாக நிற்கும் 50-ஐ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

கிளம்பும் முன் ஆச்சியைக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தார். 14 விநாடி. மருமகள் வாய்விட்டு எண்ணினார்.

அவர்களுடைய ஃபைலின் முதல் பக்கத்தில், அடுத்து யார் கைக்குப் போனாலும் கண்ணில் படும்படி, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "இவருக்கு ஈஜிஎஃப்ஆர் 54 வழக்கமான அளவு. கூடினால் முதலில் எடை பார்க்கவும்."